இஞ்சை பிறந்த காசு

பாரிஸின் லா சப்பலில் நான் கல்லாவில் நிற்கிற மரக்கறிக் கடைக்கு ஐவரி கோஸ்ட்காரர் ஒருவர் மரவள்ளி வாங்க வருவார். நெடிய ஆள், மடிப்புக் கலையாத கோட்டு. கிழங்கின் நுனியை முறித்து மணந்து பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போடுவார். முதலாளி முறைத்தால் அவருக்கும் ஒரு துண்டை நீட்டுவார்.

ஒருநாள் அவர் தந்த இரண்டு யூரோக் காசில் ஒரு மீன் இருந்தது. மூக்கில் தச்சனின் வாள் மாதிரிப் பல். காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புறநகர்ப் பொண்டியில் பிறந்த என் மகனுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டுப் பத்திரம் கொடுத்திருந்த நேரம். தகப்பன் கள்ளக்காசு வாங்கினவன் என்று வந்தால்?

"முசியே, இது கள்ளக்காசோ?" என்று பிரெஞ்சில் கேட்டேன்.

"சீ, மாறித் தந்திட்டன். இது எங்கட ஊர்க் காசு. முந்தி எங்கட ஆக்கள் பொன்தூள் நிறுக்கிற படிக்கல்லை இந்த மீன் மாதிரித்தான் வார்த்தவை. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்துக் காசிலை அவங்கட பொம்பிளைத் தலை. சுதந்திரம் வந்து தலையை எடுத்திட்டு மீனை வைச்சாங்கள்."

"அப்ப உங்கட ஊரிலைதான் அடிக்கிறதோ?"

"இல்லை, பிரான்சிலை. சுதந்திரத்தையும் இஞ்சைதான் அடிச்சு அனுப்பினவை."

"அப்ப இஞ்சை செல்லுமே?"

"பிறந்தது இஞ்சைதான். ஆனா செல்லாது."

என்ர மகனும் இஞ்சை பிறந்தவன்தானே என்றேன்.

"அவன்ர முகத்திலை மீன் இருக்கோ?"

"இல்லை."

"அப்ப பயப்படாதை, தம்பி." 'தம்பி' மட்டும் தமிழில்.

ஆறுதல் சொன்னாரா, பகிடி விட்டாரா, இன்றுவரை தெரியவில்லை. வீட்டுக்குப் போனதும் மகனின் முகத்தை உற்றுப் பார்த்தேன். "கெஸ்கிலியா, பப்பா?" என்ன விசயமென்று பிரெஞ்சில் எரிந்து விழுந்தான். ஒன்றுமில்லை என்றேன். மீன் இல்லைத்தான். ஆனால் அப்படியே என் மூக்கு.