ஊருக்குள் திரும்பிய சாமந்தி

நகரத்து வடிகால் படத்தில் தண்ணீர் போகும் திசைக்கு அம்பு போடுவதுதான் அப்போது அலுவலகத்தில் என் வேலை. பெரிய வாய்க்காலில் எல்லா அம்பும் கடலைப் பார்த்தே இருக்க வேண்டும் என்பது எங்கள் பிரெஞ்சு மேலதிகாரியான முசியேயின் உத்தரவு. பிரெஞ்சு அரசாங்கம் சொன்னால் தண்ணீர் கேட்டுத்தானே ஆக வேண்டும்!

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் விடாத மழை. வாய்க்காலை ஒட்டிய எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். பக்கத்து வீட்டு அம்மாள் கலங்கிப்போய்க் கூப்பிட்டாள்.

"தம்பி, நேத்து எங்க வூட்டுக்காரர் கல்லறையில வச்ச சாமந்தி, எங்க வாசல்ல வந்து நிக்குது பாரு!"

கல்லறைத் தோட்டத்துப் பூக்களை மழை வாய்க்காலில் கொண்டுவந்து சேர்த்திருக்கும். அது சரி, கடலுக்குப் போகாமல் தெருவுக்குள் ஏன் ஏறின? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. குடையோடு பாலத்தில் போய் நின்றேன். பூக்கள் கூட்டமாக ஊருக்குள்தான் மிதந்து போயின. கடல் ஏறியிருந்தது, மழைத்தண்ணீரை வெளியே விடாமல் வாய்க்கால் வழியே திருப்பித் தள்ளியது. பொழுது சாயக் கடல் இறங்கியதும், பூக்கள் சற்றுத் தயங்கி நின்று, பிறகு கடலை நோக்கிக் கிளம்பின.

அப்படியானால் ஒரே வாய்க்காலுக்கு இரண்டு அம்பு வேண்டும்! கடல் ஏறும்போது அடைக்க, வாய்க்காலின் முகத்துவாரத்தில் ஒரு கதவும் வேண்டும்.

நனைந்த சட்டையோடு வந்து அந்த அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப கடல்தான் திருப்பி அனுப்பிச்சுதா?" என்று பெருமூச்சு விட்டாள். "எம்மேல இருந்த கோவம் அவருக்கு இன்னும் தீரலியோன்னு நெனச்சேன்."