படத்துக்குள் போய் வந்தவர்

பிள்ளைகளா, போன வாரம் அந்த பில்டர் நமக்குக் கட்டித் தரப்போகிற வீட்டை டேப்லெட்டில் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோது நான் பாதியில் எழுந்து வெளியே போனேன். "ஏம்ப்பா மூஞ்சிய அப்படி வச்சுக்கிட்டீங்க?" என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் பெரியவள் கேட்டாள். அங்கே நின்றுகொண்டு சொல்லுகிற விஷயம் இல்லை அது. அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் நான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஒரு சின்னக் கட்டுமானக் கம்பெனியில் சைட் சூப்பர்வைசராக இருந்தேன். எங்கள் முதலாளி மதுரையிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். அதற்கென்று கண்ணாடித் தடுப்பு போட்டு, ஏசி மாட்டி, வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டார். ஆயுத பூஜைக்கு அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். சைட்டிலிருந்து சந்தேகம் கேட்கப் போனால், தூசியோடு உள்ளே வராதே என்று கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார். கிருஷ்ணன்கோவில் பக்கம் இன்ஜினியரிங் படித்த ஒரு பெண் அதில் வீட்டை முழுசாக எழுப்புவாள். மாடிப்படியில் ஏறுகிறவன் தலை எந்த உத்திரத்தில் இடிக்கும் என்பது செங்கல் இறங்கும் முன்பே அதில் தெரிந்துவிடும். அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்து நானே வாய் பிளந்து நின்றிருக்கிறேன். எனக்கு மிஷின் மீது வெறுப்பு கிடையாது.

ஆனால் அந்த வீடு ஒருநாளும் சைட்டுக்கு வரவில்லை. அளவோடு பெரிய தாளில் அச்சடிக்க மதுரைக்குப் போகவேண்டும். அந்த அலைச்சல் எதற்கு என்று முதலாளி, முன்னால் கட்டிய ஏதோ ஒரு வீட்டின் நீலப் பிரிண்டை எடுத்துக் கொத்தனார் கையில் கொடுத்துவிடுவார். மாற்றமெல்லாம் வாய்ச்சொல்தான். ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். "கட்டுறவனுக்கு எதுக்குலே படம்? வாரவனுக்குக் காட்டத்தாம்லே படம்," என்று சிரித்தார். படம் காட்டுவது என்று ஊரில் எதைச் சொல்வோமோ, அதைத்தான் அவர் தொழிலாகவே செய்துகொண்டிருந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு டீச்சரும் அவர் கணவரும் வந்தார்கள். மில்லில் வேலை பார்த்த அந்த சாருக்கு வாதம் வந்து இரண்டு காலும் விழுந்துபோயிருந்தன. வாடகை வீட்டில் பாத்ரூமுக்கு டீச்சர்தான் தூக்கிக்கொண்டு போகவேண்டும். பள்ளிக்கூடம் விட்டு டீச்சர் வரும்வரை சார் தண்ணீர் குடிக்க மாட்டாராம். சக்கர நாற்காலியில் தானாகப் போய்வருகிற மாதிரி ஒரு பாத்ரூம் வேண்டும், அதற்காகத்தான் வீடே கட்டுகிறோம் என்றார் டீச்சர். அன்றைக்கு நான் கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தேன். அந்தப் பெண் அகலமாகக் கதவு வைத்து, ஒரு நாற்காலியையும் வரைந்து, உள்ளே தள்ளித் திருப்பி வெளியே கொண்டுவந்து காட்டினாள். சார் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

பிறகு என்னை வத்திராயிருப்பு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். டீச்சர் வீட்டில் வெள்ளையடித்து முடிந்த பிறகுதான் சாவி என் கைக்கு வந்தது. அந்த வாரமே இருவரும் வீட்டைப் பார்க்க வந்தார்கள். பாத்ரூம் வாசலில் நாற்காலி கதவு நிலையில் முட்டி நின்றது. வழக்கமான இரண்டரை அடி நிலை. சார் இரண்டு கையாலும் இன்னொரு தடவை உந்திப் பார்த்தார். அப்புறம் பின்னால் எடுத்துக்கொண்டார். டீச்சர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கதவை என்ன செய்வது என்று கேட்க அன்று சாயங்காலம் ஆபீசுக்குப் போனேன். முதலாளி அந்தப் பெண்ணின் பின்னால் நின்றுகொண்டு, "சின்னதாக்கு. இன்னுங் கொஞ்சம்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு முதலில் விளங்கவில்லை. திரையில் டீச்சர் வீட்டு பாத்ரூம் கதவு குறுகிக்கொண்டே வந்தபோதுதான் விளங்கியது. தாளில் பிளேடு வைத்துச் சுரண்டினால் தடமாவது மிஞ்சும். அந்தத் திரையில் ஒன்றும் மிஞ்சவில்லை. கதவு பிறந்ததே அந்த அளவில்தான் என்பதுபோல் இருந்தது.

மறுநாள் அவர்களை வரவழைத்து அதைக் காட்டினார். "நீங்க பாத்து சரின்னு சொன்ன படம் இதுதான் டீச்சர். கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுல்லா?"

போன வாரம் அந்த பில்டரும் இதே வார்த்தையைச் சொன்னபோதுதான் நான் எழுந்தேன்.

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து குனிந்து பார்த்தார். எனக்குத்தான் ஞாபகம் தப்பிவிட்டதோ என்று முணுமுணுத்தார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற ஒரு மனுஷியைத் தன் கண்ணையே சந்தேகப்பட வைத்துவிட்டானே என்று இருந்தது எனக்கு.

சார்தான் வாய் திறந்தார். "அவளுக்கு மறந்திருக்கும் தம்பி. எனக்கு மறக்காது. அன்னைக்கு நான் உள்ள போயிட்டு வந்தேன்."

முதலாளி சிரித்தார். "படத்துக்குள்ள போயிட்டு வந்ததெல்லாம் கணக்குல வருமா சார்?"

"நேத்து சாயங்காலம் மாத்துன படம் டீச்சர் இது," என்றேன் நான்.

அந்தப் பெண் தலையை நிமிர்த்தவில்லை. முதலாளி என் பக்கம் திரும்பி, "ஏலே, ஒனக்குக் கம்ப்யூட்டரப் பத்தி என்னலே தெரியும்? சாயங்காலத்துக்குள்ள அந்த வீட்டுச் சாவியக் குடுத்துட்டு வேலைய விட்டுப் போயிரு," என்றார். டீச்சர் சண்டை போடவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். "கதவ நாங்களே ஆள் வச்சுப் பாத்துக்கிடுதோம்," என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பினார்.

சாவியைக் கொடுக்கும் முன்னால் நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் அந்த வீட்டைத் திறந்தேன். உள்ளே சுண்ணாம்பு வாசம். வாசலில் கிடந்த ஓர் உடைந்த செங்கல்லை எடுத்து, பாத்ரூம் நிலைக்கு இடது பக்கம், தரையிலிருந்து என் தலைக்கு மேல்வரை, வெள்ளைச் சுவரில் சிவப்பாக ஒரு கோடு இழுத்தேன். கதவுக்கு மேலே சுவரைத் தாங்குகிற கான்கிரீட் லிண்டலைச் சுவர் முழுக்க ஓட்டுவதுதான் எங்கள் கம்பெனி வழக்கம். பக்கத்தில், வரப்போகிற கொத்தனாருக்குப் புரிகிற மாதிரி பெரிய எழுத்தில் எழுதினேன்: "இதுவரை உடைக்கலாம். மேலே லிண்டல் ஓடுகிறது. பயம் இல்லை."