பெருக்காமல் விட்ட இடம்

துடைப்பத்தின் அடியை உள்ளங்கையில் இரண்டு குத்துக் குத்திச் சமன் செய்துகொண்டு, அத்தை பின்னோக்கி நடக்க ஆரம்பிக்கிறார். ஊரில் எல்லோரும் முன்னால் நடந்துகொண்டே பெருக்குவார்கள். அவருக்குப் பின்பக்கமாகத்தான் வரும். சந்தைக் கொட்டகையின் கடைசி மூலையில் தொடங்கி, தன் காலடியையும் தானே அழித்துக்கொண்டு வாசலுக்கு வருவார். படியில் இறங்கி நின்று, கடைசிச் சுவட்டையும் ஒரு தள்ளுத் தள்ளுவார். கொட்டகையைப் பெருக்கியிருப்பது பார்த்தால் தெரியும். பெருக்கியவர் எந்த வழியாகப் போனார் என்பது தெரியாது.

"முதுகுல கண்ணு வச்சிருக்கியா அத்தை? தூண்ல இடிச்சுக்க மாட்டேங்கறியே" என்பார் காய்கறிக்காரர்.

"வேணுங்கற அளவு இடிச்சாச்சு. இப்ப தூணே ஒதுங்கிக்குது."

ஊரில் எல்லோருக்கும் அவர் அத்தை. பெற்ற மகளுக்கு மட்டும் அம்மா. குட்டையான உருவம். புடவையை எப்போதும் ஒரு சாண் தூக்கிச் செருகியிருப்பார். பஸ்ஸில் உட்காருவதற்கு முன் தன் இருக்கையைத் துடைப்பார். கையோடு பக்கத்து இருக்கையையும் துடைத்துவிடுவார், ஏற்கெனவே அதில் ஒருவர் உட்கார்ந்திருந்தாலும். டீக்கடையில் கிளாஸை வாங்கிக் கழுவி, திருப்பிக் கொடுத்து, அதில்தான் டீ ஊற்றச் சொல்வார். டீக்கடைக்காரர் முன்பெல்லாம் முறைத்துக்கொண்டிருந்தார். இப்போது அத்தை தெருமுனையில் தலை காட்டியதுமே ஒரு கிளாஸைக் கழுவி வெயிலில் வைத்துவிடுகிறார்.

சுரங்கக் கம்பெனியின் ஜீப் ஒரு நாள் சந்தைக்குள் நேராக வந்து நின்றது. சக்கரமெல்லாம் சேறு. அத்தை அப்போதுதான் பெருக்கி முடித்திருந்தார். மேனேஜர் இறங்கிப் பழம் வாங்கப் போய்விட்டார். டிரைவர் மாட்டிக்கொண்டார்.

"ஏம்பா, உனக்குக் கால் இருக்கு, துடைச்சிட்டு வந்துட்ட. இதுக்கும் நாலு கால் இருக்குல்ல? அதை யாரு துடைப்பா, உங்க முதலாளியா?"

டிரைவர் சிரித்து மழுப்பிப் பார்த்தார். துடைப்பம் அவர் கைக்கு வந்துவிட்டது. அவர் பெருக்கிய இடத்தை அத்தை கூர்ந்து பார்த்தார். "ம், பரவாயில்ல, ஆம்பளை பெருக்கினது" என்றார். அன்றிலிருந்து அந்த ஜீப் சந்தைக்கு வெளியேதான் நிற்கிறது. கம்பெனியைச் சட்டத்தால் அசைக்க முடியாதவர்கள் இந்தக் கதையை அடிக்கடி சொல்லிக்கொண்டார்கள்.

அத்தையின் ஆட்கள் மலைக்காரர்கள். வெயில் காலத்தில் மலையடியில் இருப்பார்கள். கூலி வேலை, சந்தை வேலை என்று கிடைத்ததைச் செய்வார்கள். மழை தொடங்கியதும் மேலே ஏறுவார்கள். உச்சிச் சரிவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வயல், வயலோரம் ஒரு குடிசை. அறுவடை முடிந்து இறங்கும்போது குடிசையைப் பிரித்து மரத்தைக் காட்டோரம் அடுக்குவார்கள். அடுப்புக்கல்லை எடுத்த இடத்திலேயே திருப்பிப் போடுவார்கள். சாம்பலை வயல் மண்ணோடு கலப்பார்கள். கம்பம் நட்ட குழியை மூடுவார்கள். கடைசியாகப் பெருக்குவார்கள், பின்பக்கமாக. அவரவர் இடத்தை அவரவரேதான் பெருக்க வேண்டும். அடுத்த வீட்டார் கை வைக்க மாட்டார்கள்.

"இருந்தது தெரியாமப் போகணும். அது இடத்துக்குக் குடுக்கற மரியாதை" என்பார் அத்தை.

அந்த மரியாதைதான் மலையைப் பறிகொடுக்க வைத்தது. பல வருடங்களுக்கு முன் சர்வேக்காரர்கள் வரப்போவதாகத் தகவல் வந்தது. விருந்தாளி வருகிறார்கள் என்று மலைக்காரர் கூட்டமே மேலே போய், ஏற்கெனவே பெருக்கிய இடத்தை இன்னொரு முறை பெருக்கிவிட்டு வந்தது. வந்தவர்கள் சுற்றிப் பார்த்தார்கள். 'மனித நடமாட்டம் இல்லாத தரிசு' என்று எழுதிக்கொண்டு போனார்கள். தரிசை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அரசாங்கம் கம்பெனிக்குக் கொடுத்தது. உச்சிச் சரிவுக்கு அடியில் தாது இருக்கிறது.

அத்தையின் கணவர்தான் வழக்குப் போட்டவர்களில் முதல் ஆள். அவர் வேறு ரகம். கையில் கத்தி இருந்தால் எதையாவது சீவிக்கொண்டே இருப்பார்: கோடாலிக் காம்பு, கரண்டிப் பிடி, ஒன்றும் இல்லாவிட்டால் வெறும் குச்சி. அவர் உட்கார்ந்து எழுந்த இடத்தில் மரச்சுருள் குவிந்திருக்கும். அவர் சீவச் சீவ இவர் பெருக்குவார். இவர் பெருக்கப் பெருக்க அவர் சீவுவார். இப்படியே ஒரு குடும்பம் நடந்தது. ஒரு மகளும் படித்து வேலைக்குப் போனாள்.

"நான் செத்தாத்தான் உன் வீடு சுத்தமாகும்" என்பார் அவர்.

"அதுக்கும் ஒரு நாள் குறிச்சுச் சொல்லுங்க, தண்ணி தெளிச்சு வைக்கிறேன்" என்பார் இவர்.

கீழ்க் கோர்ட்டில் தோற்றார்கள். மேல் கோர்ட்டுக்குப் போனார்கள். போன மழைக்காலத்தின் முடிவில், மேலே குடிசையில் இருந்தபோது, அவருக்கு மூச்சு முட்டியது. போர்வையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு இரவு இருந்தார். அவ்வளவுதான்.

மற்றக் குடும்பங்கள் அறுவடையை முடித்து, பெருக்கிவிட்டு இறங்கின. அத்தை மேலே போகவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் இடத்தைப் பெருக்காமல் விட்டு வந்திருந்தார். யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. சந்தைக் கொட்டகையை மட்டும் ஒரு நாளைக்கு இரண்டு முறை பெருக்கினார்.

மேல் கோர்ட் நேரில் பார்த்துவர ஒரு குழுவை நியமித்தது. உச்சிச் சரிவில் ஆட்கள் வாழ்ந்ததற்கு அடையாளம் இருந்தால் சுரங்க வேலை நிற்கும். இல்லாவிட்டால் மழைக்கு முன்பே இயந்திரம் ஏறும்.

மகள் நகரத்தில் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். லீவு போட்டு வந்தாள். தனியாக மேலே போய்ப் பார்த்துவிட்டு இறங்கினாள். அதிகம் பேசுகிறவள் அல்ல.

"அப்பா சீவினது எல்லாம் அப்படியே இருக்கு" என்றாள். பிறகு முகம் கழுவப் போய்விட்டாள்.

அவர்கள் வழக்கை நடத்தும் வக்கீலம்மா வீட்டுக்கு வந்தார். வயல் மண்ணில் கலந்திருக்கும் சாம்பலை வைத்தே வாதாடலாம் என்று மகள் சொன்னாள். தலைமுறை தலைமுறையாகக் கலந்தது, படிவு தெளிவாகத் தெரிகிறது என்றாள்.

"அதைச் சொல்லுவோம். ஆனா அவங்களும் ஒரு நிபுணரைக் கூட்டிட்டு வந்து காட்டுத்தீன்னு சொல்லுவாங்க. கண்ணால பார்க்கிற மாதிரி ஒண்ணு வேணும். மலை மேல இப்ப நிக்கறது உங்க குடிசை ஒண்ணுதான், அத்தை."

"அது அலங்கோலமாக் கிடக்குது, வக்கீலம்மா."

"அதுதான் வேணும்."

"நாளைக்குக் காலையில போய் ஒரு நடை பெருக்கிட்டு வந்துடறேன். அடுப்பை மட்டும் விட்டு வைக்கிறேன்."

"அம்மா, எதையும் தொடாத" என்றாள் மகள்.

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏண்டி, உங்கப்பா போட்ட குப்பையை ஊர் உலகமெல்லாம் வந்து போட்டோ பிடிக்கணுமா? செத்த மனுஷனுக்கு அதுதான் மரியாதையா? பொண்டாட்டின்னு ஒருத்தி இருந்தாளே, என்ன பண்ணிட்டிருந்தாள்னு கேக்க மாட்டாங்க?"

வக்கீலம்மா குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு அத்தை உள்ளே போனார். வெகுநேரம் அதைத் தேய்க்கும் சத்தம் கேட்டது.

குழு வந்த அன்று அத்தை எல்லோருக்கும் முன்னால் ஏறினார், அக்குளில் துடைப்பத்தோடு. மகள் அதைப் பார்த்தாள். வழி முழுக்க ஓரடி பின்னாலேயே நடந்தாள். வக்கீலம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அது ஏற்றத்தினால் மட்டும் அல்ல.

குடிசையின் கூரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. உள்ளே மழை இறங்கவில்லை. அத்தை வாசலில் நின்று பார்த்தார். அடுப்பில் சாம்பல். கவிழ்த்து வைக்காத பானை. நடுக்கம்பத்தில், கணவர் சாய்ந்து சாய்ந்து வழுவழுத்த இடம். தலை படும் உயரத்தில் எண்ணெய்க் கறை. கம்பத்தடியில் பாதி சீவிய கோடாலிக் காம்பு. அதைச் சுற்றி மரச்சுருள்கள், வெளுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக.

அத்தை துடைப்பத்தை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார். மறுபடி வலது கைக்கு மாற்றினார். பிறகு வாசல் ஓரமாக ஒதுங்கி நின்று, வந்தவர்களுக்கு வழி விட்டார்.

குழுத் தலைவர் குனிந்து உள்ளே போனார். போட்டோக்காரர் போனார். கம்பெனி மேனேஜரும் போனார். சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சார், நீங்க வரப்போறது இவங்களுக்கு ஒரு மாசமாத் தெரியும். போன வாரம் வந்து அடுக்கி வச்சிருக்காங்க. நாடகத்துக்குப் போடற செட்டு மாதிரி."

அத்தை வாசலிலிருந்தே கேட்டார்: "என்னது? அடுக்கி வச்சதா?"

"ஆமாம்மா."

"நானா? நான் அடுக்கி வச்சா இந்த லட்சணத்துலயா இருக்கும்? அந்தப் பானையைப் பாருங்க! இந்தக் குப்பையைப் பாருங்க! இப்படி ஒரு வீட்டை நான் அடுக்கி வச்சேன்னு சொல்றீங்களே, வாய் கூசல?"

வெளியே நின்ற ஊர்க்காரர்கள் குபீரென்று சிரித்தார்கள். கம்பெனி டிரைவரும் சிரித்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார், தோள் குலுங்கியது. குழுத் தலைவர் அவரைப் பார்த்தார்.

"நீங்க கம்பெனி ஆள்தானே? ஏன் சிரிக்கிறீங்க?"

டிரைவர் மேனேஜரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "சார், இந்தம்மா என் ஜீப் சக்கரத்துச் சேத்தையே பெருக்க வச்சவங்க. இவங்க ஒரு இடத்தை இப்படி விட்டிருக்காங்கன்னா..."

தலைவர் அத்தையின் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "ஏம்மா இப்படி விட்டீங்க?"

"பெருக்கறதுக்குள்ள அவரைத் தூக்கிட்டு இறங்க வேண்டியதாப் போச்சு" என்றார் அத்தை.

தலைவர் கம்பத்தின் எண்ணெய்க் கறையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உதவியாளரிடம் சொல்லச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார்: குடும்பம் வாழ்ந்த வீடு. போன மழைக்காலம் வரை புழக்கத்தில் இருந்தது. வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மகள் வயல் பக்கம் கூட்டிக்கொண்டு போய், வெட்டி வைத்த குழியில் கறுப்பு மண் படிவைக் காட்டினாள். டிரைவருக்கு இன்னும் கம்பெனியில்தான் வேலை. ஆனால் ஜீப்பை வாங்கிக்கொண்டு லாரியைக் கொடுத்துவிட்டார்கள். சுரங்க வேலையைத் தீர்ப்பு வரும் வரை நிறுத்தி வைத்து அடுத்த வாரமே உத்தரவு வந்தது. அன்று அத்தை சந்தையில் டீ வாங்கினார், எல்லோருக்கும். எல்லாக் கிளாஸையும் தானே கழுவினார்.

ஆனால் குழு வந்த அன்று மலையில், எல்லோரும் இறங்கத் தொடங்கிய பிறகு, அத்தை குடிசைக்குள் போனார். மகள் வாசலில் நின்றுகொண்டாள்; தடுக்கவில்லை. துடைப்பத்தின் அடியை உள்ளங்கையில் இரண்டு குத்து. பின்மூலையில் தொடங்கினார். வந்து போன பூட்ஸ் தடங்கள் ஒவ்வொன்றாக அழிந்தன: போட்டோக்காரருடையது, மேனேஜருடையது, தலைவருடையது. நடுக்கம்பத்தடிக்கு வந்ததும் துடைப்பம் வளைந்து, சுருள்களைத் தொடாமல் சுற்றிப் போனது. அடுப்பையும் சுற்றிப் போனது.

வாசல் வரை வந்துவிட்டார். அங்கே ஒரு மரச்சுருள் கிடந்தது, யாருடைய பூட்ஸிலோ ஒட்டிக்கொண்டு வந்தது. அத்தை அதைப் பெருக்கவில்லை. குனிந்து விரலால் எடுத்து, ஊதித் தூசி போக்கினார். பெருக்கிய தரை மேலேயே கம்பத்தடிக்கு நடந்து போய், அதை மற்றச் சுருள்களோடு வைத்தார்.

பிறகு, துடைப்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, எல்லோரையும் போல முன்பக்கமாக நடந்து வெளியே வந்தார்.