மூன்றாம் கதிரைச் சிரிப்பு

மரகதத்தின் முகம் நியூசிலாந்தில், ஒக்லாந்துத் தமிழர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. சிரிப்பைத் தெரியாதவர்கள் குறைவு. ஒடாஹுஹு மரக்கறிக் கடையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கும்போது யாரோ சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரித்துவிட்டால் போதும். அடுத்த வரிசையில் பருப்புப் பை தூக்கிக்கொண்டிருக்கும் முன்பின் தெரியாத மனுசி எட்டிப் பார்த்து, "ரேடியோவில சிரிக்கிற அக்கா நீங்கள்தானே?" என்று கேட்பாள். "ஓம், நான்தான்" என்பாள் மரகதம். அதில் அவளுக்குக் கூச்சமே கிடையாது. பாடுகிறவள் தன்னைப் பாடகி என்று சொல்லிக்கொள்ளலாமென்றால், சிரிக்கிறவள் சொல்லிக்கொள்வதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

அந்தச் சிரிப்பை எழுதிக் காட்டுவது கஷ்டம். முதலில் தொண்டைக்குள் மெல்லிய விசில் ஒன்று கேட்கும். அதன்பிறகு ஒன்றுமே இருக்காது. கண்ணை மூடி, வாயைத் திறந்து, மூச்சுப் பேச்சில்லாமல் இருப்பாள். புதிதாகப் பார்ப்பவர்கள் தண்ணீர் எடுக்க ஓடுவார்கள். பிறகுதான், குளிர்காலக் காலையில் மக்கர் பண்ணும் பழைய காரைப்போல, திடீரென்று அது பிடித்துக்கொள்ளும். பிடித்ததென்றால் பக்கத்தில் இருப்பவன் மரக்கட்டையாக இருந்தாலும் சிரித்தே தீருவான். ஈஸ்ட் டாமாக்கியில் அவள் வேலை செய்வது போத்தல் மூடி செய்யும் தொழிற்சாலையில். மெசின் இரைச்சலுக்காக எல்லோரும் காதை மூடிக்கொண்டுதான் வேலை செய்வார்கள். அவர்களுக்கும் அது கேட்கும்.

பள்ளிக்கூடத்தில் இந்தச் சிரிப்புக்காக அவள் வகுப்புக்கு வெளியே நின்றது அதிகம், உள்ளே இருந்தது குறைவு. கலியாணம் நடந்ததும் இதனால்தான். யுத்தகாலம். குடும்பம் கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தது. அங்கே மாப்பிள்ளை குலசிங்கத்தோடு பெண் பார்க்க வந்த அவருடைய மாமா ஒருவர் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, பொடியனின் குணநலன்களை எடுத்துவிட்டுக்கொண்டிருந்தார். கதிரையின் நாலு கால்களும் மெல்ல மெல்ல அகலத் தொடங்கின. மாமா பேச்சை நிறுத்தவில்லை. படிப்பைச் சொல்லும்போது அரை அடி இறங்கியிருந்தார். பரம்பரையைச் சொல்லும்போது தரையிலேயே இருந்தார். மரகதத்துக்கு விசில் வந்துவிட்டது.

இனி இந்தச் சம்பந்தம் சரிவராது என்று வீட்டில் எல்லோரும் தலையில் கை வைத்தார்கள். குலசிங்கமோ, கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார். பின்னாளில் அவரே சொன்னார், "அந்தச் சிரிப்புக்குத்தானப்பா நான் உம்மைக் கட்டினனான்."

சொன்னவர் ஒன்றை யோசிக்கவில்லை. அவருக்கு மற்றவர்களைச் சிரிக்க வைக்க வராது. நல்ல மனுசன், நேரம் தவறாத பஸ் சாரதி, பாத்திரம் கழுவினால் அடிப்பிடித்த சட்டியும் மினுங்கும். ஆனால் பகிடி விட்டாரென்றால், முடிந்ததா இன்னும் இருக்கிறதா என்று கேட்பவர்கள் காத்துக்கொண்டிருப்பார்கள். வெள்ளவத்தையில் கட்டிய நாள் முதல் இன்றுவரை அவருடைய பகிடி ஒன்றுக்கும் மரகதம் சிரித்ததில்லை. அவளுக்குப் பொய்ச் சிரிப்புச் சிரிக்கத் தெரியாது. ஒவ்வொரு முறையும் அவர் அவள் முகத்தைப் பார்ப்பார். அவள் பாவமாகப் பார்ப்பாள். அவர் தேத்தண்ணி ஊற்ற எழும்பிப் போய்விடுவார்.

ரேடியோக் கதை தொடங்கியது விநாயகமூர்த்தி அண்ணையால். இளவயதில் கொழும்பு வானொலிக் கலையகத்தில், சபையோர் முன்னிலையில் நடந்த பல்சுவை நிகழ்ச்சிகளை ஒன்றுவிடாமல் போய்ப் பார்த்தவர் அவர். வாத்தியக்காரர், பாடகர், நாடகக்காரர் எல்லோரும் ஒரே மேடையில் நிற்க, சிவப்பு விளக்கு எரிந்தவுடன் பாட்டும் பகிடியும் விளம்பரமும் அப்படியே காற்றில் போன காலம் அது. ஒக்லாந்து சமூக வானொலியில் மாதமொரு ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் கிடைத்தபோது, அவர் அதே முறையில்தான் செய்வேன் என்றார். ஒடாஹுஹுவில் மேடையுள்ள ஒரு ஹோல், நேரடி ஒலிபரப்பு, மிளகாய்த்தூள் கடை விளம்பரத்தைக்கூட மேடையில் நின்று பாடவேண்டும். "பதிஞ்சு வைச்சு, வெட்டி ஒட்டிப் போடுறது எனக்குச் சரிவராது. பிழைச்சால் பிழைச்சதுதான்" என்பார்.

முதல் நிகழ்ச்சிக்கு மரகதம் சும்மா பார்க்கத்தான் போனாள். முன்வரிசை மூன்றாம் கதிரையில் இருந்தாள். சபையின் கைதட்டலைப் பிடிக்கும் மைக் அந்தக் கதிரைக்கு நேர்மேலே தொங்கியது அவளுக்குத் தெரியாது. அன்று யசீகரன் என்ற பொடியன் செய்த நகைச்சுவைக்கு அவள் சிரித்த சிரிப்பு ஒக்லாந்து முழுக்கப் போனது. அடுத்த மாதம் வானொலிக்கு வந்த அழைப்புகள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டன. அந்த மனுசி வருமா? அன்றிலிருந்து மூன்றாம் கதிரை அவளுடையது. பாட வந்த ஸ்வர்ணாகூட, மேடை ஏறுமுன் அவளிடம் வந்து, "அக்கா, நீங்க முன்னாடி உட்கார்ந்திருந்தா எனக்குப் பயமே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

இப்படி எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கையில் யசீகரன் வேலை கிடைத்து பிரிஸ்பேனுக்குப் போய்விட்டான். நகைச்சுவைக்கு ஆள் இல்லை. "நான் செய்யிறன்" என்று கையைத் தூக்கினார் குலசிங்கம்.

அவர் டொக்டரையும் செவிட்டு நோயாளியையும் வைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒன்று எழுதினார். சாப்பாட்டு மேசையில் எழும்பி நின்று நடித்துக் காட்டினார். டொக்டருக்கு ஒரு குரல், நோயாளிக்கு ஒரு குரல் என்று நினைத்துக்கொண்டு இரண்டையும் ஒரே குரலில் பேசினார். முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"எப்பிடி?"

"நல்லாயில்லையப்பா."

"எந்த இடம்?"

"எந்த இடமெண்டு சொல்லுறது..."

அவர் திருத்தினார். மறுபடி நடித்தார். ஒரு கிழமை முழுக்க இதே கூத்து. கடைசியில் கடதாசியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் சொன்னார், "ஞாயிற்றுக்கிழமை ஒருக்காச் சிரிச்சு விடுமன். நீர் சிரிச்சால் சனம் சிரிக்கும். சிரிக்காட்டி, 'அவள்கூடச் சிரிக்கேல்லை' எண்டு நினைக்கும்."

அவர் அவளிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. கேட்டதும் நியாயம்தான். மரகதம் முயன்று பார்க்க முடிவு செய்தாள். அடுத்த நாள் வேலை முடிந்து, தொழிற்சாலைக் கார் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு, பொய்யாகச் சிரித்துப் பார்த்தாள். தொண்டையில் மீன்முள் சிக்கிய மாதிரி ஒரு சத்தம் வந்தது. இன்னொரு தடவை முயன்றபோது, கூட வேலை செய்யும் சமோவாக்காரி ஓடிவந்து கண்ணாடியைத் தட்டி, "ஆர் யூ ஓகே, டார்லிங்?" என்று தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

அதோடு அந்த வழி அடைபட்டது. ஞாயிற்றுக்கிழமை ஹோலுக்குப் போனதும் விநாயகமூர்த்தி அண்ணையைத் தனியே கூப்பிட்டாள்.

"அண்ணை, நான் இண்டைக்குப் பின்னுக்கு இருக்கிறன். முன்னுக்கு இருந்து நான் சிரிக்காட்டி அவருக்கு வெட்கக்கேடு."

"பிள்ளை, உம்மட சிரிப்பில்லாமல் இந்தப் பத்து நிமிசத்தை நான் என்னெண்டு கொண்டுபோறது?"

"எனக்கு வந்தால் வரும். வராட்டி நான் அதை எங்கயிருந்து எடுக்கிறது?"

அண்ணை தலையைச் சொறிந்தார். வெட்டி ஒட்டுவதில்லை என்று சத்தியம் பண்ணிய மனுசன், ஒலிப்பெட்டியைக் கவனிக்கும் சுலக்ஷனிடம் போய்க் காதுக்குள் ஏதோ சொன்னார். சுலக்ஷன் கைபேசியில் எதையோ தேடினான். மரகதம் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் போய் இருந்துகொண்டாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. பாட்டுகள் நன்றாகப் போயின. ஸ்வர்ணா அசத்தினாள். அடுத்து குலசிங்கம் வந்தார். வேலைக்குப் போடும் நீலச் சேர்ட்டைத்தான் மடிப்புக் கலையாமல் அயர்ன் பண்ணிப் போட்டிருந்தார். மைக்கைப் பார்த்தார், கடதாசியைப் பார்த்தார், பிறகு மூன்றாம் கதிரையைப் பார்த்தார்.

கதிரை வெறுமையாக இருந்தது.

அவர் வாய் திறந்தபடி நின்றார். டொக்டரும் வரவில்லை, நோயாளியும் வரவில்லை. மேடையில் ஒருவன் பேசாமல் நின்றால் சபைக்குப் பார்ப்பதற்கு அவன் முகமாவது இருக்கும். ரேடியோவில் கேட்பவனுக்கு ஒன்றுமில்லை, பெட்டி பழுதாகிவிட்டதோ என்று தட்டிப் பார்ப்பான். தூணுக்குப் பின்னால் மரகதம் சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். இருந்த இடத்தை விட்டு வந்தது தன் பிழை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் பகிடி விடும்போது அவளைப் பார்ப்பது சிரிப்புக்காக மட்டுமல்ல. அவளைப் பார்த்துத்தான் அவருக்குப் பேசவே வரும்.

விநாயகமூர்த்தி அண்ணை சைகை காட்டினார். சுலக்ஷன் கைபேசியை விரலால் அமுக்கினான். ஒலிபெருக்கியில் ஹோல் அதிர, எங்கோ பதிந்துவைத்த ஒரு வெள்ளைக்காரக் கூட்டம் சிரித்தது.

சனம் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தது. குலசிங்கமும் நிமிர்ந்தார். "ஆரது?"

போதவில்லையாக்கும் என்று நினைத்த சுலக்ஷன் இன்னொரு தரம் அமுக்கினான். கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது.

குலசிங்கத்தின் முகம் மாறியது. அந்த முகம் மரகதத்துக்குத் தெரியும். பின்னேரம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிட்டு வீட்டுக்கு வரும் முகம். அவர் கடதாசியை மடித்துச் சேர்ட் பையில் வைத்தார். மேடையின் ஓரத்துக்கு வந்து, ஒலிப்பெட்டியை நேரே பார்த்து, பஸ்ஸில் பயணக் கார்ட்டைத் தட்டிக் காசு கட்டாமல் ஏறுகிறவர்களிடம் பேசும் குரலில் சொன்னார்.

"இந்தாரும் தம்பி. ஆரோ கொஞ்சப் பேர் கார்ட் தட்டாமல் ஏறியிருக்கினம். அவையை இறக்கும். இறக்காமல் நான் பஸ்ஸை எடுக்கமாட்டன்."

அவர் பகிடி விடவில்லை. உண்மையாகவே கோபமாக இருந்தார். சுலக்ஷன் பதறிப்போய்க் கைபேசியை அணைக்கப் பார்த்தான். பதற்றத்தில் விரல் பழைய இடத்திலேயே பட்டது. வெள்ளைக்காரர்கள் மூன்றாம் தரமும் சிரித்தார்கள்.

"பாரும், இறங்கச் சொன்னால் சிரிக்கினம்!" என்றார் குலசிங்கம்.

கடைசி வரிசையில் விசில் கேட்டது.

அந்த விசில் சபைக்குத் தெரியும். இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். மரகதம் தூணைப் பிடித்தபடி, கண் மூடி, வாய் திறந்து, மூச்சில்லாமல் இருந்தாள். விநாயகமூர்த்தி அண்ணை தூக்கிய கையை இறக்காமல் நின்றார். யாரும் அசையவில்லை. பிறகு அது பிடித்துக்கொண்டது. ஹோல் அப்படியே அவளோடு போனது. தபேலாக்காரர் தபேலாவின் மேல் சாய்ந்துவிட்டார்.

குலசிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. கையை நெற்றியில் வைத்து அவளைத் தேடிக் கண்டுபிடித்தார். "ஓகோ! பின் கதவால ஏறினனீரோ? உம்மட சீற் முன்னுக்கெல்லோ. வாரும், வந்து இரும். நீர் அதில இருந்தால்தான் பஸ் வெளிக்கிடும்."

அவள் எழும்பி, தெரிந்தவர் தெரியாதவர் தோள்களையெல்லாம் பிடித்துப் பிடித்துச் சிரித்தபடியே நடந்துவந்து மூன்றாம் கதிரையில் விழுந்தாள். அதன்பிறகு அவர் பஸ்ஸை எடுத்தார். பிரேக் போட்டால் பாட்டி வைக்கும் சண்டை, நாய்க்குட்டியைப் பைக்குள் ஒளித்து ஏறியவன், டாமாக்கி போகவேண்டியவன் நித்திரையாகிப் பாட்டனி டவுன்ஸில் எழும்பி அவரோடு கொளுவியது என்று, தினமும் வீட்டில் அவர் அலுத்துக்கொள்ளும் கதைகள். அவள் காதில் போட்டுக்கொள்ளாத கதைகள். பத்து நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. மிளகாய்த்தூள் விளம்பரம் பாட நேரம் கிடைக்கவில்லை. கடைக்காரர் முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபடியால் யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது குலசிங்கம்தான் கார் ஓட்டினார். சிவப்பு விளக்கில் நின்றபோது அவளைக் கடைக்கண்ணால் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"ஆரோ கார்ட் தட்டாமல் ஏறியிருக்கினம் எண்டனெல்லோ..."

மரகதம் அவரைப் பார்த்தாள். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"அது அங்கயே முடிஞ்சுதப்பா" என்றாள்.

வேறு நாளென்றால் அவர் முகம் சுருங்கியிருக்கும். இன்று சந்தோசமாகத் தலையை ஆட்டினார். சும்மா கேட்டால் அவளுக்குச் சிரிப்பு இப்போதும் வராதென்றால், சற்று முன்னர் வந்தது முழுக்க முழுக்க அவருடையது. அதை யாரும் அவருக்கு இரக்கப்பட்டுக் கொடுக்கவில்லை.

"அப்ப அடுத்த மாசத்துக்கு வேற யோசிக்க வேணும்."

"யோசியுங்கோ. நான் மூண்டாம் கதிரையிலதான் இருப்பன். சிரிப்பனோ தெரியாது."

"தெரியாமலே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பச்சை விழுந்ததும் குலசிங்கம் காரை எடுத்தார்.