ஊமைக் கிலுகிலுப்பை

பெர்யெ ஹெட்லுண்டுக்கு வேலை, அடுத்தவர் காரில் குற்றம் கண்டுபிடிப்பது. எங்கள் ஊரில் எல்லாரும் செய்கிற காரியம்தான். மற்றவர்கள் இலவசமாகச் செய்தார்கள், பெர்யெவுக்கு அதற்குச் சம்பளம் வந்தது. வித்தியாசம் அவ்வளவே.

வண்டிப் பரிசோதனை நிலையத்தின் பள்ளத்தில் நின்றுகொண்டு, தலைக்கு மேல் நிற்கும் காரின் வயிற்றை டார்ச் அடித்துப் பார்ப்பார். துருவைக் கண்டால் ஒரு சின்ன சுத்தியலால் தட்டுவார். தட்டினால் கொஞ்சம் உதிரும். உதிர்ந்தால் முகத்தில் ஒரு சாந்தம் வரும். ஈஸ்டருக்கு முந்தைய நாள் பாதிரியாரின் காரையே நிறுத்திவைத்தவர் அவர். அவருக்கு எந்தக் கிழமை வேலை என்று விசாரித்துக்கொண்டு, அன்றைக்கு மட்டும் பக்கத்து ஊருக்கு வண்டியை ஓட்டிப் போகிறவர்கள் இருந்தார்கள். பெர்யெ இதைத் தன் நேர்மைக்கு ஊர் செலுத்தும் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

இந்த நேர்மையை அவருடைய ஒரே மகள் இல்வா ஒருநாள் நேரில் வந்து பெற்றுக்கொண்டாள்.

மறுநாள் காலை, தூரத்து நகரமான ஊமியோவில் ஒரு ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு இன்டர்வியூ. அவள் மூன்று வருஷமாகக் காத்திருந்த வேலை. அவளுடைய பழைய காருக்குப் பரிசோதனைக் கெடுவின் கடைசி நாளாக அவள் வந்த அந்த நாள் அமைந்திருந்தது. பெர்யெ பள்ளத்தில் இறங்கினார், பிரேக் குழாயைத் தட்டினார், மேலே ஏறி வந்து, ஓட்டத் தடை என்றார்.

"அப்பா, நாளைக்குக் காலையில போயிட்டு சாயங்காலம் வந்துடுறேன். அதுக்கப்புறம் நீ இதை நசுக்கிக்கூடப் போட்டுக்கோ," என்றாள் இல்வா.

"துருவுக்கு இன்டர்வியூ எல்லாம் தெரியாது," என்றார் பெர்யெ.

அன்றைக்கு அதற்குமேல் பஸ் கிடையாது. இருபது அடி தள்ளி, ஒரு குறையும் இல்லாமல் பளபளவென்று பெர்யெவின் சொந்தக் கார் நின்றுகொண்டிருந்தது. அந்தச் சாவியை எடுத்து மகள் கையில் கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றத்தான் செய்தது, சில வாரம் கழித்து, பல் தேய்க்கும்போது. அதற்குள் அந்த வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. இல்வா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

இரண்டு குளிர்காலம் போயிற்று. பிப்ரவரியில் இல்வாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெர்யெவின் மனைவி குன்வோர் வாராவாரம் போய்ப் பார்ப்பாள். அவளைக் காரில் கொண்டுபோய் விடுவது பெர்யெ, திரும்பக் கூட்டிவருவதும் பெர்யெ. இடைப்பட்ட நேரம் முழுக்க, தெருமுனையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்திருப்பார். குழந்தையை எங்கள் ஊர் வழக்கப்படி தள்ளுவண்டியில் போட்டு, போர்த்தி, வாசலுக்கு வெளியே பனியில் தூங்கவிட்டிருப்பார்கள். பெர்யெவுக்கு அந்தத் தள்ளுவண்டியின் முதுகு தெரியும். சில நாள் அது லேசாக ஆடும். ஆடிய நாட்களில் வீடு திரும்பும்வரை அவர் எதுவும் பேசமாட்டார்.

பொறுக்கமாட்டாமல் ஒருமுறை குழந்தைக்குக் கார் இருக்கை ஒன்று வாங்கி அனுப்பினார். சந்தையில் இருந்தவற்றிலேயே பாதுகாப்பானது. மற்ற ஒன்பது இருக்கைகளில் என்னென்ன கோளாறு என்று ஒரு குறிப்பும் எழுதி அதோடு வைத்திருந்தார். இருக்கை திரும்பி வந்தது. குறிப்பு கிழிக்கப்பட்டிருந்தது.

ஏப்ரல் கடைசியில் குன்வோர் செய்தி கொண்டுவந்தாள். மே மாதக் கடைசியில், வீட்டிலேயே, குழந்தைக்குப் பெயர் வைக்கும் விழா. அப்பா வரலாமா என்று குன்வோர் கேட்டிருக்கிறாள். இல்வா வெகுநேரம் பாத்திரம் துலக்கிவிட்டு, வாயால் காற்றைச் சுர்ரென்று உள்ளே இழுத்தாளாம். எங்கள் பக்கத்தில் அதற்கு 'ஆமாம்' என்று அர்த்தம். மகிழ்ச்சியான ஆமாம் என்று அர்த்தம் இல்லை.

"கடையில வாங்கினது எதையும் தூக்கிட்டு வரக் கூடாதாம்," என்றாள் குன்வோர். "உன் கையால செஞ்சது ஏதாவது இருந்தா கொண்டு வா, இல்லேன்னா கையை வீசிட்டு வா. அப்புறம் இன்னொண்ணு. அங்க எது சரியில்லேன்னும் நீ வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா, காபி பாதியில இருந்தாலும் எழுந்து கிளம்பணும். அதுக்கப்புறம் இந்தப் பக்கம் கூப்பிடவே மாட்டாளாம்."

"எதையுமா?"

"எதையும்."

"கரன்ட் ஒயர் தொங்கினா?"

"தொங்கிட்டுப் போகட்டும், பெர்யெ."

வெறுங்கையோடு போக அவர் அஞ்சினார். தன் கைகளை அவருக்குத் தெரியும். பிடிக்க ஒன்றும் இல்லாவிட்டால் அவை எதையாவது சுட்டிக்காட்டப் போய்விடும். எனவே கிலுகிலுப்பை.

இந்த நாட்டில் பள்ளிக்கூடத்தில் மரவேலை படிக்காத ஆள் கிடையாது. ஒவ்வொரு வீட்டு இழுப்பறையிலும் யாரோ பத்து வயதில் செதுக்கிய வெண்ணெய்க் கத்தி ஒன்று கிடக்கும். பெர்யெ செதுக்கியதும் கிடந்தது. அதில் வெண்ணெய் தவிர எல்லாம் ஒட்டும். அந்த ஒரு தகுதியோடு அவர் நிலவறையில் விளக்கைப் போட்டு உட்கார்ந்தார்.

முதலில் ஒரே கட்டையில் கூண்டும் உள்ளே உருளும் பந்தும் செதுக்கினார். கூண்டுக் கம்பிகளை அளந்து அளந்து இழைத்ததில், சமையலறைக்குக் கொண்டுவந்து காட்டியபோது பந்து வெளியே வந்து, அடுப்புக்கு அடியில் உருண்டு போயிற்று. குன்வோர் குனிந்து எடுத்துப் பார்த்தாள். குழந்தை முழுங்குவதற்குக் கச்சிதமான அளவு என்று பாராட்டினாள். அடுத்து மூன்று வளையங்கள். மூன்றும் பிளந்தன. கட்டைவிரலும் ஓரளவு பிளந்தது. நிலையத்தில் கட்டுப்போட்ட விரலோடு நின்ற பெர்யெவைப் பார்த்து வாடிக்கையாளர்கள் அன்போடு சிரித்தார்கள்.

நாள் நெருங்க நெருங்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. உருளைக்கிழங்கைத் தட்டில் உருட்டிக்கொண்டிருப்பார். இது ஒன்று தவறினால் அந்தக் குழந்தை தன்னைத் தெருமுனையில் நிற்கும் காராக மட்டும் தெரிந்துகொண்டு வளரும் என்று அவருக்குப் பட்டது.

அப்போதுதான் உப்புப் பெட்டி ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்தில் பழைய உப்புப் பெட்டிகளை ஆணியோ பசையோ இல்லாமல் செய்வார்கள். வசந்தத்தில் நீர் ஏறிய பிர்ச் மரக்கிளையை வெட்டி, குடைந்து, குழாயாக்கி, உள்பக்கம் சுற்றிலும் பள்ளமாக ஒரு காடி எடுப்பார்கள். நன்றாகக் காய்ந்த பலகையில் வட்டமாக ஒரு அடித்தட்டு வெட்டி அந்தக் காடியில் பொருத்துவார்கள். பச்சை மரம் காயக் காயச் சுருங்கும். சுருங்கி அடித்தட்டைக் கவ்விக்கொள்ளும். பிறகு உடைத்தால்தான் உண்டு. இதையே கையடக்கமாகச் செய்து, மேலும் கீழும் இரண்டு பக்கமும் தட்டு வைத்து மூடிவிட்டால்? பசை கிடையாது, பெயின்ட் கிடையாது, கழன்று விழ எதுவுமே கிடையாது. பெர்யெ தன் வாழ்நாளில் கேள்விப்பட்ட பொருட்களிலேயே குற்றம் சொல்ல முடியாத பொருள் இதுதான்.

உள்ளே என்ன போடுவது என்று இரண்டு நாள் யோசித்தார். கூழாங்கல் என்றால் அதில் என்ன கலந்திருக்குமோ. இரும்புக் குண்டு என்றால் துரு. கடைசியில் சமையலறை அலமாரியில் இருந்து ஒரு பிடி மஞ்சள் பட்டாணியை எடுத்தார். வியாழக்கிழமை என்றால் நாடு முழுக்கப் பட்டாணி சூப்தான். பட்டாணி இல்லாத வீடு இல்லை.

மூடிவிட்டு ஆட்டிப் பார்த்தார். தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவது போல ஒரு சத்தம் கேட்டது. பெர்யெ நிலவறைப் படியில் உட்கார்ந்து, மூக்கைச் சிந்தி, திரும்பவும் ஆட்டினார். அன்றிரவு இரண்டு தட்டு சாப்பிட்டார்.

பச்சை மரம் சீக்கிரம் காய்ந்தால் வெடித்துவிடும். அவரா வெடிக்க விடுவார்? சீவிய ஈரத்தூளோடு சேர்த்து பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயைக் கட்டி, நிலவறையின் குளிர்ந்த மூலையில் வைத்தார். தினமும் பையைப் பிரித்து ஒரு தரம் ஆட்டிக் கேட்டார். முதலில் ஆலங்கட்டி. பிறகு, யாரோ காலுறையோடு மாடியில் நடப்பது போல. பிறகு, அந்த ஆள் படுக்கப் போய்விட்டது போல. மரம் மட்டும் தட்டுகளை அழகாகக் கவ்விக்கொண்டுவிட்டது.

பெர்யெ தன் காதைத்தான் சந்தேகித்தார். வேலைக்கு லீவு சொல்லிவிட்டுச் சுகாதார நிலையத்துக்குப் போனார். நர்ஸ் விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, காதில் ஒரு குறையும் இல்லை என்றாள். குறை இல்லை என்ற சொல்லைக் கேட்டு அவர் இடிந்துபோனது அன்றுதான்.

விழாவுக்கு முந்தைய நாள் காலை, அதை மேசைமேல் வைத்துக் குன்வோரிடம் முறையிட்டார்.

"உள்ள என்ன போட்டே?"

"பட்டாணி."

"சூப்புக்கு முந்தின நாள் அதை நான் எதுல போட்டு வைப்பேன்?"

"தண்ணியில," என்றார் பெர்யெ. சொன்னதும் முகம் வெளுத்தது.

"ஈர மரத்துக்குள்ள போட்டு, பையில கட்டி, நிலவறையில வச்சிருக்கே. உப்புப் பெட்டியில எவனாவது மரம் காயறதுக்கு முன்னாடி உப்பைக் கொட்டுவானா? நீ கிலுகிலுப்பை செய்யல, பெர்யெ. சூப்புக்கு ஊறப்போட்டிருக்கே."

இன்னொன்று செய்து காயவைக்க நாள் இல்லை. திறந்தால் உடையும். ஓட்டை போட்டால் பட்டாணி ஒவ்வொன்றாக வெளியே வந்து குழந்தையின் தொண்டையைத் தேடும். கடைசியில் பெர்யெ வீட்டின் வெப்பக் குளியல் அறையான சவுனாவில் அடுப்பை மூட்டி, சட்டை கால்சட்டையோடு உள்ளே போய், கிலுகிலுப்பையை இரண்டு கையிலும் ஏந்தி உட்கார்ந்தார். மதியம்வரை அப்படியே இருந்தார். கடவுள் நம்பிக்கை இல்லாதவர் ஆனதால், யாரிடம் என்று குறிப்பிடாமல் பொதுவாகக் கெஞ்சினார். ஒரு பட்டாணி, ஒரே ஒரு பட்டாணி உதிர்ந்து ஆடினால் போதும் என்றார். ஒன்றும் ஆடவில்லை. வேர்வை மட்டும் ஓடிற்று.

விழா அன்று அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வாசலில் ஷூவைக் கழற்றி, காலுறையோடு உள்ளே நுழைந்தார். படிக்கட்டின் கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையே குழந்தையின் தலை நுழையும் இடைவெளி. கூரையில் புகை எச்சரிக்கைக் கருவி பேட்டரி தீர்ந்து கண்ணடித்தது. பெர்யெ இரண்டையும் விழுங்கினார்.

"வா," என்றாள் இல்வா. இரண்டு வருஷத்துக்குப் பிறகு மகள் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை. தட்டில் ஏழு வகை பிஸ்கட் வைத்து அவர் முன்னால் தள்ளினாள். கண்ணைப் பார்க்கவில்லை.

காபி வந்தது. இல்வாவின் கணவன் ரிக்கார்ட் எழுந்து நின்று, குழந்தையின் பெயர் ரூனா என்று அறிவித்தான். எல்லாரும் ஒருவரையொருவர் பார்க்காமல் மகிழ்ந்தார்கள். பரிசுகள் வந்தன. பெர்யெ பையில் கைவிட்டு எடுத்துக் கொடுத்தார். இல்வா வாங்கி ஆட்டினாள். அறையில் சுவர்க்கடிகாரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. திரும்ப ஆட்டினாள். அதே கடிகாரம்.

"அமைதியா இருக்கு," என்றாள் ரிக்கார்டின் அம்மா, வெகுநேரம் யோசித்து. "குழந்தை தூங்க வசதி."

இல்வா அதைக் குழந்தையின் கையில் வைத்தாள். ரூனா இரண்டு கையாலும் பிடித்து, நேரே வாய்க்குக் கொண்டுபோனாள். ஈறால் கடித்தாள். எச்சில் வழிந்தது. தான் செதுக்கிய மரம் பேத்தியின் வாயில் இருப்பதைப் பெர்யெ பார்த்தார். இவ்வளவு போதும் என்று நினைத்தார்.

அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. அந்தக் கண் எதையும் விட்டதில்லை. மேல்தட்டில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். சவுனாச் சூட்டில் வந்திருக்க வேண்டும். விரிசலின் நுனியில் வெள்ளையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. குழந்தை அந்தப் பக்கத்தைத்தான் கடித்துக்கொண்டிருந்தாள்.

வாயைத் திறந்தால் வாசல். இனி எந்தக் காலத்திலும் கூப்பிடமாட்டாள். ஒருவேளை தட்டு தாங்கும். ஒருவேளை அது வெறும் நார். இருபத்தெட்டு வருஷப் பரிசோதனையில் 'ஒருவேளை' என்ற சொல்லை அவர் ஒருவருக்கும் கொடுத்ததில்லை. இப்போது தனக்கு ஒன்றே ஒன்று கிடைக்குமா என்று கேட்டுப் பார்த்தார். மேசைக்கு அடியில் குன்வோர் அவர் முழங்காலை நகம் பதிய அழுத்தினாள். குழந்தை இன்னொரு கடி கடித்தாள்.

"இல்வா," என்றார் பெர்யெ. "அதை அவகிட்டேருந்து வாங்கு. அது சரியில்லை."

ஸ்பூன்கள் நின்றன. இல்வாவின் கழுத்து சிவந்தது.

"எது சரியில்லை?"

"நான் செஞ்சதுதான். மேல்தட்டு விரிஞ்சிருக்கு. உள்ள பட்டாணி ஊறிப்போய் நெருக்குது, தட்டு எப்ப வேணா தெறிக்கும். பச்சை மரத்துல போட்டிருக்கக் கூடாது. எனக்கு அது புரியல. அப்புறம் சூட்டுல காட்டினேன், அதுவும் தப்பு." கோப்பையைத் தள்ளிவைத்தார். "முழுக்க என் தப்பு."

இல்வா குழந்தையின் கையிலிருந்து அதை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"முளை விட்டிருக்கு," என்றாள்.

பெர்யெ அதற்குள் எழுந்துவிட்டார். நிபந்தனை நிபந்தனைதான். காபி பாதியில் இருந்தது. கூடத்தைக் கடந்து வாசலில் உட்கார்ந்து ஷூவில் காலை நுழைத்தார். கயிறு கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு காலை முடித்துவிட்டார்.

"அப்பா."

இல்வா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்தது. அது போய்விட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் இருந்தது.

"உன் தப்புன்னு நீ சொல்லி இன்னைக்குத்தான் கேக்குறேன்."

பெர்யெ ஷூவைப் பார்த்தார். "அன்னைக்கு என் கார் சாவி பையிலயேதான் இருந்துச்சு," என்றார்.

"தெரியும். எனக்கு அப்பவே தெரியும்."

அவள் குனிந்து, குழந்தையை அவர் மடியில் இறக்கினாள். ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் காலுறையுமாக இருந்த அந்த மடியில் ரூனா ஒரு கணம் அண்ணாந்து பார்த்தாள். முகம் கோணிற்று. பிறகு அலறத் தொடங்கினாள். வாயிலிருந்ததைப் பிடுங்கிய ஆள் யார் என்று புரிந்துகொண்டவள் போல, வீடு அதிர அலறினாள். பெர்யெ எங்கே பிடிப்பது, எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் மகளை நிமிர்ந்து பார்த்தார்.

இல்வா குழந்தையைத் திரும்ப வாங்கவில்லை. கேக் வெட்ட உள்ளே போய்விட்டாள்.