கிழங்கு விட்ட மூச்சு

உருளைக்கிழங்குக் கிடங்கில் தரம் பிரிக்கும் பெண்களில் அவளுக்குத்தான் வாய் அதிகம். அதனால் எல்லோருக்கும் அவள் 'ரேடியோ'. கணவன் அங்கேயே மூட்டை தூக்கினான். கொழுந்தன் லாரி ஓட்டினான். மாமனார் வாசலில் காவலாளி. "எங்க வீட்டு ஆளுங்க லீவு போட்டா கிடங்கையே இழுத்து மூட வேண்டியதுதான்" என்று பெருமையடித்துக்கொள்வாள்.

கிடங்குக்கு அடியில் ஒரு நிலவறை இருந்தது. விலை ஏறட்டும் என்று முதலாளி அதில் மூட்டைகளை நிரப்பினார். எலி புகாமலிருக்கக் காற்றுத் துளைகளையும் அடைத்து, மேல்மூடியைப் பூட்டிவிட்டார். கோடை முடியும் வரை யாரும் திறக்கவில்லை.

திறந்த அன்று முதலில் இறங்கியவன் கொழுந்தன். ஏணியின் கடைசிப் படியில் நின்று, "தலை சுத்துது..." என்றான். அப்படியே சரிந்தான்.

"வழுக்கிட்டான் போல" என்று கணவன் இறங்கினான். தம்பியைத் தூக்கக் குனிந்தவன் அவன் மேலேயே விழுந்தான். மேலே மூடியருகே நின்ற அவள் தொண்டை கிழியக் கத்தினாள்.

மாமனார் ஓடிவந்து ஏணியில் கால் வைத்தார். அவள் பாய்ந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"விடுடி! என் புள்ளைங்க உள்ள கிடக்கறானுங்க!"

"வேணாம் மாமா. உள்ள என்னமோ இருக்கு. போனா நீங்களும் விழுவீங்க."

"புருஷன் செத்தாலும் பரவாயில்லைன்னு நிக்கிறியா?"

அவர் அவள் கையைக் கடித்தார். ரத்தம் வந்தது. அவள் விடவில்லை.

காற்று உருளையும் முகமூடியுமாக வந்த தீயணைப்பு வீரர்கள் இருவரையும் பிணமாகத்தான் மேலே கொண்டுவந்தார்கள்.

"எவன்யா விஷம் வச்சான்?" என்று மாமனார் தலையில் அடித்துக்கொண்டார்.

"விஷம் இல்லைங்க" என்றார் தீயணைப்பு அதிகாரி. "தோண்டி எடுத்தாலும் கிழங்குக்கு உயிர் இருக்கு. நம்மள மாதிரியே ஆக்சிஜன இழுத்து, கரியமில வாயுவ விடும். அழுகினா இன்னும் மோசம். செடியில பச்சை இலை இருக்கும், வெயில் பட்டா அந்த வாயுவ எடுத்துக்கிட்டு ஆக்சிஜன் கொடுக்கும். இங்க இலையும் இல்ல, வெளிச்சமும் இல்ல. இருந்த காத்தையெல்லாம் கிழங்கே தீர்த்துடுச்சு. இந்தப் பொண்ணு மட்டும் உங்களப் பிடிச்சு நிறுத்தலைன்னா நீங்களும் போயிருப்பீங்க."

மாமனார் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

துளைகளைத் திறக்கும்வரை உள்ளே காலெடுத்து வைக்க மாட்டோம் என்று பெண்கள் வாசலிலேயே உட்கார்ந்தார்கள். அவள்தான் முன்னால் இருந்தாள். முதலாளி வேறு வழியில்லாமல் சுவரை உடைத்து மின்விசிறி வைத்தார். பிறகு அவள் அதே கிழங்குக் குவியலுக்குத் திரும்பினாள். வேறு வேலை யார் கொடுப்பார்கள்?

ஒரே வீடுதான். மாமனார் அவளோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. உடன் வேலை செய்பவள் ஒருநாள் கேட்டாள்: "எப்படித்தான் அந்த வீட்ல இருக்கே?"

"பேசாட்டி போறாரு. சோறு வச்சா சாப்பிடுறாரு" என்றாள் அவள், அழுகலைத் தனியே ஒதுக்கிக்கொண்டே.