முனியம்மாவுக்கு முன்கூட்டி வந்த அருள்

ரெம்பியா பக்கத்து ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா என்றால், ஆத்தா முதலில் இறங்குவது முனியம்மா மேல்தான். அவள் பால்மரம் வெட்டத் தொடங்கிய காலத்திலிருந்து அப்படித்தான். உறுமி எழும்பும். முனியம்மாவின் கூந்தல் அவிழும். ஜனம் மஞ்சள் தண்ணீரைக் காலில் ஊற்றிக் குறி கேட்கும். மற்ற நாளெல்லாம் அவளைத் திட்டுகிற கங்காணிகூட அன்றைக்குக் கைகட்டி நிற்பார்.

தோட்டத்தில் பாதி விலைபோனதும் கூடப் பால்மரம் வெட்டிய கருப்பாயி பாயா ரும்புட்டு டவுனுக்குக் குடிபோனாள். போனவள் அங்கேயே இருந்திருக்கலாம். தொண்ணூற்று மூன்றில் மஞ்சள் பட்டு கட்டிக்கொண்டு திருவிழாவுக்கு வேனில் வந்து இறங்கினாள். முனியம்மா கண்ணை மூடுவதற்குள் ஆடியும்விட்டாள். இரண்டாவதாக அருள் வந்தவளிடம் யார் குறி கேட்பார்கள்? முனியம்மாவின் காலில் மிச்சத் தண்ணீரைத்தான் ஊற்றினார்கள்.

அதிலிருந்து முனியம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"டவுன்ல ஃபேனுக்கடியில படுத்துக் கெடக்கறவ மேல ஆத்தா எப்படி வருவா?" என்று புருஷன் நல்லமுத்துவிடம் கேட்டாள்.

"கூடவே வேன்ல ஏறி வந்திருப்பா லா," என்றார் அவர்.

அடுத்த திருவிழாவுக்கு விடிந்ததுமே கோயில் வாசலில் போய் நின்றாள். வெறும் வயிறு, கையில் வேப்பிலை, கண் மட்டும் ரோட்டில். வேன் வந்தது. கருப்பாயி கால் ஊன்றிய அதே நேரம் உறுமியும் அதிர்ந்தது. முனியம்மா விடவில்லை. கூந்தலை உதறி, ஒரு கூவல் கூவி, சுழன்றாள்.

உறுமி நின்றுவிட்டது. மேளக்காரர்கள் கயிற்றை இறுக்கித் தட்டிப் பார்த்ததோடு சரி. பூசாரி ரங்கசாமி இன்னும் கதவே திறக்காமல் பந்தலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்.

"யக்கா, டெஸ்டிங்கு லா," என்றான் உறுமிக்காரன்.

இனி நிறுத்தினால் மானம் போய்விடும். முனியம்மா மேளமில்லாமல் ஆடினாள். யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

கருப்பாயிதான் ஓடிவந்தாள். குழாயில் தண்ணீர் பிடித்து, மஞ்சளைக் கரைத்து, முனியம்மாவின் காலில் ஊற்றி விழுந்தாள்.

"மேளம் அடிச்சாத்தான வருவ. இன்னிக்கு அடிக்கறதுக்கு முன்னயே வந்திருக்கியே தாயே, என்னா கொறை ஒனக்கு?"

சிரித்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். முனியம்மா ஒரு கண்ணை லேசாகத் திறந்து பார்த்தாள்.

"கதவத் தொறக்கச் சொல்லுடி அவன," என்றாள் ஆத்தா. ரங்கசாமி வாழைமரத்தைப் போட்டுவிட்டு ஓடினார்.

அன்றைக்குக் கருப்பாயிக்கு அருளே வரவில்லை. அத்தனை குடமும் முனியம்மாவின் காலுக்குத்தான் வந்தது. குறி சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது. குளிர்ந்துபோய்ப் பந்தியில் உட்கார்ந்தாள்.

பக்கத்து இலை மோகனா சொன்னாள்: "நாங்கல்லாம் முழிச்சிக்கிட்டு நின்னோம்க்கா. கருப்பாயி அக்காதான் வந்த ஒடனே ஆத்தான்னு கண்டுபிடிச்சிச்சு. என்னா ஞானம் பாருங்க அதுக்கு."

பாயசம் வருவதற்கு முன்பே முனியம்மா இலையை மூடினாள்.